கொழும்பிலிருந்து குடும்பத்தோடு கடலுக்கு: பிள்ளைகள் குளிக்கக்கூடிய கரையைத் தெரிவுசெய்யும் முழு வழிகாட்டி

கொழும்பில் இருக்கிற நமக்குக் கடல் புதிதில்லை. வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையால் இறங்கினாலும் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ஆனால் அது பார்க்கிற கடல், குளிக்கிற கடல் இல்லை. பாறையும் கரையோடு வந்து மோதும் அலையுமாக இருக்கும் அந்த இடத்தில் பிள்ளைகளை இறக்க முடியாது. காலிமுகத்திடலும் அப்படித்தான். காற்று வாங்கலாம், பட்டம் விடலாம், இறால் வடை வாங்கிச் சாப்பிடலாம், அவ்வளவுதான். அதனால் பாடசாலை லீவு விட்டதும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: இந்த முறை எந்தக் கடலுக்குப் போவது?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் ஹோட்டல் படத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. அறை நன்றாக இருக்கிறது, காலைச் சாப்பாட்டோடு விலையும் பரவாயில்லை, உடனே பதிவு. போய் இறங்கிய பிறகுதான் தெரியும், ஹோட்டலுக்கு முன்னால் சிவப்புக் கொடி பறக்கிறது என்று. மூன்று நாளும் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குள்ளேயே கிடந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அதைக் கொழும்பிலேயே செய்திருக்கலாம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதலில் மாதத்தைப் பாருங்கள், அடுத்துத் தண்ணீரைப் பாருங்கள், அறையைக் கடைசியில் பார்க்கலாம்.

லீவு எந்த மாதம்?

நம் தீவில் இரண்டு பருவக்காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். யாழ்ப்பாணத்தில் சோழகம் என்பார்கள், மட்டக்களப்பில் கச்சான் காற்று என்பார்கள். இந்த மாதங்களில் நீர்கொழும்பு முதல் தங்காலை வரைக்கும் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும். அதே நாட்களில் கிழக்குக் கடல் குளம்போல் இருக்கும். டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக்காற்று, மழை, பெருங்கடல் எல்லாம் கிழக்குப் பக்கம். அப்போது தெற்கும் மேற்கும் தெளிந்துவிடும்.

இதைப் பாடசாலை லீவோடு பொருத்திப் பாருங்கள். ஓகஸ்ட் லீவென்றால் கிழக்கு: பாசிக்குடா, நிலாவெளி, உப்புவெளி. டிசெம்பர் லீவென்றால் தெற்கு: ஹிக்கடுவ, உனவட்டுன, மாத்தறை. டிசெம்பர் முதல் இரண்டு கிழமையில் மழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. மாதக் கடைசி நல்லது, ஆனால் நத்தார், வெளிநாட்டுப் பயணிகள் என்று விலை ஏறிவிடும். சித்திரைப் புத்தாண்டு லீவில் இரண்டு பக்கமும் ஓரளவு அமைதி. பின்னேரத்தில் இடி மின்னலோடு மழை வரும் என்பதை மட்டும் கணக்கில் எடுத்து, கடலைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கடல் சுற்றுலாவே வேண்டாம். இரு பருவத்துக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில்தான் கடும் மழையும் புயலும் வருகின்றன.

2020க்குப் பிறகு பாடசாலைத் தவணைகள் முன்பின்னாக நகர்ந்து வந்திருக்கின்றன. எனவே ஓகஸ்ட், டிசெம்பர் என்று பழக்கத்தில் நினைக்காமல், இந்த வருட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கரையைத் தீர்மானியுங்கள். ஓகஸ்டில் தெற்கில் அறை விலை மலிவாக இருக்கும். அந்த மலிவுக்குக் காரணம் கடல்தான்.

யாரெல்லாம் வருகிறார்கள்?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் முழங்கால்தான் உங்கள் அளவுகோல். அது நின்று விளையாடக்கூடிய ஆழம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது போதாது. மீன் பார்க்க, சின்ன அலையில் விழுந்து எழும்ப ஏதாவது வேண்டும். வயதானவர்கள் வருவதாக இருந்தால் மணலில் எவ்வளவு நடக்க வேண்டும், நிழலில் கதிரை போட இடம் உண்டா, கழிவறை எவ்வளவு கிட்ட என்பவை தண்ணீருக்குச் சமமான விஷயங்கள்.

பாசிக்குடாவில் எங்கள் வீட்டு அம்மம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி கடலுக்குள் நடந்தார். நடந்துகொண்டே போனார். கரையில் இருந்த நாங்கள் பயந்து கூப்பிட்டோம். திரும்பிப் பார்த்தவருக்குத் தண்ணீர் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. எழுபது தாண்டியவரும் நாலு வயதுப் பிள்ளையும் ஒரே தண்ணீரில் பயமில்லாமல் நிற்க முடிகிற கரை இந்த நாட்டில் அதிகம் இல்லை. சின்னப் பிள்ளையோடு முதல் தடவை போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதனால்தான் பாசிக்குடா.

தண்ணீரைப் படிப்பது

கரையின் அழகு வேறு, பாதுகாப்பு வேறு. பாதுகாப்பைத் தீர்மானிப்பவை மூன்று: கரையின் சரிவு, அலை எங்கே உடைகிறது, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது.

சரிவைக் கண்டுபிடிக்க மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மா போல நைசான மணல் என்றால் கரை பெரும்பாலும் தட்டையாக, மெதுவாக ஆழமாகும். சீனிக் கட்டிபோல் பருமனான மணல் என்றால் கரை செங்குத்தாக இறங்கும். இரண்டு எட்டில் இடுப்பளவு, மூன்றாவது எட்டில் கால் எட்டாது. செங்குத்தான கரையில் அலை தூரத்தில் உடையாது, கரையிலேயே வந்து விழும். விழுந்த நீர் திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழே இருக்கும் மணலையும் அள்ளிக்கொண்டு போகும். பெரியவர்களே தடுமாறுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "கால் மட்டும் நனைக்கிறோம்" என்று பிள்ளையை விடுவது கூடாது.

கடலுக்குள் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கோடுபோல் அலை உடைந்து, அதற்கு உட்பக்கம் நீர் அமைதியாக இருந்தால் அங்கே முருகைக்கல் பார் இருக்கிறது என்று பொருள். பார் அலையை வாங்கிக்கொள்ளும். ஹிக்கடுவயிலும் மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேனவிலும் பிள்ளைகள் குளிப்பது இப்படிப்பட்ட இயற்கைத் தொட்டிக்குள்தான். ஆனால் பாருக்கு நடுவே இடைவெளி இருந்தால், உள்ளே வந்த நீர் எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே போகும். அந்த வாயிலுக்குக் கிட்டப் போகவே கூடாது.

மூன்றாவது, இழுவை. அடித்த அலை திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழி ஒடுங்கியதாக இருந்தால் ஆறுபோல வேகமாகக் கடலுக்குள் ஓடும். இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல், நீர் கொஞ்சம் கருமையாக, நுரையோ கலங்கல் மணலோ வெளிப்பக்கம் போய்க்கொண்டிருந்தால் அதுதான் இழுவை. கொடுமை என்னவென்றால், பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடந்தான் அமைதியாகத் தெரியும். "இந்தப் பக்கம் அலை இல்லை, இங்கே வாங்கோ" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது பல நேரம் நேராக அதற்குள்தான்.

அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரனும் களைத்துவிடுவான். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையிலிருந்து விலகிய பிறகு கரைக்கு வர வேண்டும். இதைப் புறப்படுவதற்கு முதல் நாளே வீட்டில் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆறும் களப்பும் கடலோடு சேரும் முகத்துவாரங்களில் குளிக்க வேண்டாம். அங்கே இழுவையும் உண்டு, திடீர்ப் பள்ளமும் உண்டு. மழைக்குப் பிறகு ஊரின் கழிவு நீரும் அதே வழியால்தான் வரும்.

வற்றுப்பெருக்கு பற்றிச் சிலர் கேட்பார்கள். நம் தீவைச் சுற்றி அது ஒரு மீற்றரையும் எட்டாது. அதற்காகத் திட்டத்தை மாற்றத் தேவையில்லை. பார்த் தொட்டிகளில் மட்டும் நீர் வற்றிய நேரத்தில் முருகைக்கல் காலைக் கிழிக்கும்.

எந்தக் கரை யாருக்கு?

பாசிக்குடா மட்டக்களப்புக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வளைந்த குடா, மணல் தரை, நீண்ட தூரத்துக்கு ஆழமில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நல்ல காலம். குறை என்றால், பெரிய பிள்ளைகளுக்கு இரண்டாம் நாள் அலுத்துவிடலாம். வெளியில் மரநிழல் குறைவு என்பதால் பத்து மணிக்குப் பிறகு வெயில் சுட்டெரிக்கும்.

நிலாவெளியும் உப்புவெளியும் திருகோணமலைக்கு வடக்கே. நீண்டு நேராகக் கிடக்கும் வெண்மணல், பருவத்தில் தெளிந்த அமைதியான நீர். பாசிக்குடா அளவுக்கு ஆழம் குறைவானதல்ல, ஆகவே சின்னவர்களின் கையை விடக் கூடாது. ஆனால் சுற்றிப் பார்க்க இங்கேதான் அதிகம்: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, படகில் புறாத்தீவு. புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முருகைக்கல்லும் மீனும் பார்க்க அருமையான இடம். கரை முழுக்க உடைந்த முருகைத் துண்டுகள் என்பதால் நடக்கத் தெரியாத குழந்தையோடு போனால் பிள்ளைக்கும் துன்பம், தாய்க்கும் துன்பம். வயதானவர்களோடு கோயிலையும் சேர்த்துப் போவதென்றால் நான் பாசிக்குடாவைவிடத் திருகோணமலையைத்தான் சொல்வேன்.

டிசெம்பரில் ஹிக்கடுவ. கொழும்பிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர், ரயிலிலேயே போய் இறங்கலாம். தேசிய பூங்காவாக இருக்கும் பார்ப் பகுதிக்குள் இடுப்பளவு நீரில் நின்றே வண்ண மீன் பார்க்கலாம். கடலாமைகள் கரைக்குப் பக்கத்திலேயே வரும். ரப்பர் செருப்போ பழைய கன்வஸ் சப்பாத்தோ கட்டாயம். முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்கவும் உடைக்கவும் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சட்டம் என்பதற்காக மட்டுமல்ல, அது உயிருள்ளது. ஒரு முக்கியமான விஷயம்: ஹிக்கடுவ முழுவதும் ஒன்றல்ல. பார் இருக்கும் பகுதியைத் தாண்டித் தெற்கே நடந்தால் அலைச்சறுக்குக்காரர்களின் கடல். "ஹிக்கடுவயில் அறை" என்று மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் எந்தப் பக்கம் வந்து விழுவீர்கள் என்று சொல்ல முடியாது.

உனவட்டுன காலியிலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவில், வளைந்த குடா. காலிக் கோட்டையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். பொல்ஹேன ஆடம்பரம் இல்லாத, உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும் கரை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பிவிடும், வார நாளில் போனால் சுகம். பேருவளைப் பக்கம் மொரகல்லவிலும் பாருக்குள் குளிக்கலாம், ஒரே நாளில் போய்வரக் கிட்டவான இடம் அது. பெந்தோட்டையில் ஆற்றுப் பக்கம் படகு விளையாட்டுக்கு நல்லது, கடல் பக்கம் திறந்த கடல். மிரிஸ்ஸ அழகு, சின்னப் பிள்ளைகளோடு நான் தெரிவுசெய்ய மாட்டேன், அலையும் இழுவையும் உண்டு.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் காரைநகர் கசூரினாவை ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். ஆழமில்லாத கடல், சவுக்கு மர நிழல்.

கிட்ட என்றால் கல்கிசையும் நீர்கொழும்பும். இரண்டும் திறந்த கடல். ஜனவரி முதல் மார்ச் வரை காலையில் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் கால் நனைக்கலாம், மணல் வீடு கட்டலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்

தொலைபேசியில் கூப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள். "கடல் பக்கத்திலா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "எங்கள் தேதியில் உங்கள் முன்னால் உள்ள கடலில் ஐந்து வயதுப் பிள்ளை குளிக்கலாமா? உங்கள் பிள்ளைகளை அங்கே விடுவீர்களா? உயிர்காப்பாளர் எந்த இடத்தில் நிற்கிறார்?" பதில் சொல்கிறவர் தயங்கினால் அதுவே பதில். ரயில் பாதையையோ காலி வீதியையோ கடந்துதான் கடலுக்குப் போக வேண்டுமா என்பதும் தெற்கில் கேட்க வேண்டிய கேள்வி. பஸ்கள் ஓடும் ஓட்டத்தில் ஈரக் காலோடு பிள்ளைகளைக் கொண்டு அந்த வீதியைக் கடப்பது லேசான காரியமல்ல.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெற்குக் கரையில் கடலுணவுதான் பிரதானம். மரக்கறிச் சோறு கிடைக்கும், ஆனால் தனிப் பாத்திரம், தனிச் சமையல் என்பதெல்லாம் சொன்னால்தான் நடக்கும். மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் இந்தக் கவலை இல்லை. போயா நாளும் அதோடு ஒட்டிய நீண்ட வார இறுதியும் வந்தால் கூட்டமும் விலையும் இரட்டிப்பாகும், தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

போகும் வழி

தெற்குக்கு ரயிலில் போனால் வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள், வழிநெடுகக் கடல். கோட்டையில் ஏறினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லா ரயிலும் வெள்ளவத்தையில் நிற்காது. வான் என்றால் அதிவேகப் பாதையில் காலி, மாத்தறை எல்லாம் கிட்ட வந்துவிட்டது. ஹிக்கடுவக்கு அதிவேகப் பாதையிலிருந்து இறங்கி மறுபடி கடல் பக்கம் வர வேண்டும், அவ்வளவுதான்.

கிழக்குக்கு ஆறு ஏழு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு நிறுத்தி நிறுத்திப் போனால் இன்னும் கூட. விடிய முன் புறப்பட்டு வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். ஹபரணையைத் தாண்டிய காட்டுப் பாதைகளில் இரவில் யானை குறுக்கே வரும். இரண்டு இரவுக்காகக் கிழக்குக்குப் போக வேண்டாம், ஒரு நாள் போகவும் ஒரு நாள் வரவுமே சரியாகிவிடும். மூன்று இரவாவது வேண்டும்.

முதல் காலை

வந்த களைப்போடு பின்னேரமே கடலில் பாய விடாதீர்கள். மறுநாள் ஆறரை, ஏழு மணிக்குப் பெரியவர் ஒருவர் மட்டும் முதலில் போக வேண்டும். பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்: அலை எங்கே உடைகிறது, நுரை எந்தப் பக்கம் நகர்கிறது, ஊர்க்காரர் எங்கே குளிக்கிறார்கள். வலை இழுப்பவர் யாராவது நின்றால் கேளுங்கள். தமிழோ சிங்களமோ, பிள்ளைகளோடு வந்திருக்கிறோம் என்றால் ஒரு கடற்றொழிலாளி உண்மையைத்தான் சொல்வார். பிறகு தானே இறங்கி, இடுப்பளவு ஆழம் வரும்வரை நடந்து, தரையில் பள்ளம், பாறை, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள்.

சிவப்புக் கொடி என்றால் யாரும் இறங்கக் கூடாது. மேல் பாதி சிவப்பும் கீழ்ப் பாதி மஞ்சளுமான கொடிகள் நாட்டியிருந்தால், அவற்றுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளரின் கண் இருக்கிறது, அதற்குள் குளியுங்கள். கொடியே இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்கு நீலமும் வெள்ளையும் வேண்டாம். தண்ணீரில் கண்ணுக்குப் படாது. செம்மஞ்சள், பளிச்சென்ற சிவப்பு நல்லது. பெண்கள் சேலை, நீண்ட சல்வாரோடு ஆழத்துக்குப் போக வேண்டாம், ஈரத் துணி காலைக் கட்டிப்போடும். லெக்கின்ஸ், ரீசேட் போதும். காற்றடைத்த டியூப், மிதவைப் படுக்கைகளை நான் கடலுக்குக் கொண்டுபோவதே இல்லை. ஓகஸ்டில் கிழக்கில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அமைதியான தண்ணீரில்கூட டியூபில் இருக்கும் பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். மிதக்க ஏதாவது வேண்டும் என்றால் உடம்போடு கட்டும் லைஃப் ஜாக்கெட்.

பெரியவர்கள் முறைவைத்துப் பார்க்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. இந்த அரை மணி நேரம் மாமா, அடுத்த அரை மணி நேரம் சித்தி என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். முறையில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது, மது அருந்தியிருக்கவும் கூடாது. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. தலை பின்னால் சாய, வாய் நீர்மட்டத்தில் இருக்க, பேசாமல் கீழே போகும். கை எட்டும் தூரத்தில் நின்றால்தான் அது தெரியும். யாராவது இழுபட்டால் பின்னாலேயே பாயாதீர்கள், மிதக்கிற எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்கூட ஒருவரை மிதக்க வைக்க உதவும். எங்கள் பாயோடு எப்போதும் ஒன்று இருக்கும்.

பத்து மணிக்கு முன் ஒரு குளியல், நாலு மணிக்குப் பிறகு ஒரு குளியல். நடுவில் நிழல், இளநீர், தூக்கம். இருட்டத் தொடங்கினால் தண்ணீரை விட்டு வெளியே.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கான எதிர்வுகூறலைத் தமிழிலும் வெளியிடுகிறது. புறப்படும் முதல் நாளும் ஒவ்வொரு காலையும் பாருங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்குப் போங்கள். 2004 டிசெம்பர் 26ஐக் கண்ட நாடு இது. பொலிஸ் அவசர இலக்கம் 119, இலவச அம்பியூலன்ஸ் சேவையான சுவசெரிய 1990. இரண்டையும் வீட்டில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் போனிலும் பதிந்துவிடுங்கள், தங்கியிருக்கும் இடத்தின் பெயரையும் கிட்டிய ஆஸ்பத்திரியின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி பாட்டியின் கைப்பையிலும் வைத்துவிடுங்கள்.